வெளிநடப்புக்கு இன்னொரு ஆள்

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி. வரிசை தப்பினால் வழக்கு நிற்காது. இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை. எங்கள் இயக்கத்தின் பத்துப் பைசா வெளியீடுகளில் படித்தேன், தெருவிளக்கடியில்.

முதல் அநியாயம் நூற்பாலையில் நடந்தது. எங்கள் ஊர் ஆற்றங்கரை ஆலை. வேலைநிறுத்தம் முடிந்து ஒப்பந்தம் ஆனபோது வெளியே நின்ற அத்தனை பேரையும் உள்ளே எடுத்தார்கள், என்னைத் தவிர. அதில் கையெழுத்துப் போட்டது முதலாளி மட்டும் இல்லை, எங்கள் சங்கத் தலைவரும்தான். "நீ பேச்சாளன்யா, உனக்கு எதுக்கு மில்லு?" என்றார்.

இரண்டாவது, கொடிமேடைக் கல். மேடைக்கு மண் சுமந்தவன் நான். கல்லில் மரக்கடைக்காரர் பெயர் இருக்கிறது, அவருடைய மாப்பிள்ளை பெயர்கூட இருக்கிறது. என் பெயருக்குக் கல் போதவில்லையாம்.

மூன்றாவது, இயக்கத்தின் பொன்விழா. என்னை மேடைக்குக் கீழே பந்தல்காரர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். துண்டு போர்த்துவார்கள், போர்த்துவார்கள் என்று தோளை நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருந்தேன். பந்தல்காரருக்குப் போர்த்தினார்கள்.

நான்காவது, என் வீட்டம்மா எனக்கு முன்னால் போய்விட்டது. அதை எப்படி அநியாயத்தில் சேர்ப்பீர்கள் என்று கேட்காதீர்கள். சேர்த்திருக்கிறேன்.

ஐந்தாவதற்கு நீங்கள்தான் சாட்சி. அது இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதோ அந்தத் தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கம், கடற்கரையில் நடக்கப்போகிறது.

உட்காருங்கள். உங்கள் வீட்டம்மா தூண்டில் சிக்கெடுத்துக்கொண்டே உங்களைத் தமிழில் திட்டிய சத்தம் கேட்டுத்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எத்தனையோ நாளாயிற்று, வெளியாள் வாயில் தமிழ் கேட்டு. மெல்பர்னா? நல்லது. மீன் கிடைத்ததா? கிடைக்காது. முதலை இருக்கிறது என்று பலகை வைத்திருக்கிற கரையில் மீன் எப்படி நிம்மதியாக வரும்?

அந்தப் பச்சைக் கோடு போட்ட கேரவன்தான் எங்களுடையது. வெளியே அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டு நிற்கிறாரே, அவர் மாப்பிள்ளை நிரூபன். யாழ்ப்பாணத்துக்காரர், டார்வினில் வளர்ந்தவர், சுரங்க லாரிகளுக்கு மெக்கானிக். உள்ளே இருப்பது என் மகள் வாகைச்செல்வி. ஒரே மகள். இங்கே எல்லோரும் செல்லி என்கிறார்கள். அவளுக்கு ஒரு குழந்தை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ஒன்று தவறி, அப்புறம் பிறந்த பெண் குழந்தை. மூன்று மாதம் ஆகிறது.

அந்தக் குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். பெயர் இருக்கிறது. அரசாங்கத்தில் பதிந்தாகிவிட்டது. மருத்துவமனைக்குத் தெரியும், பக்கத்து வீட்டு நாய்க்காரிக்குத் தெரியும். இந்தக் கண்டத்து அரசாங்கத்துக்கே என் பேத்தி பெயர் தெரியும், எனக்குத் தெரியாது. என் முன்னால் மட்டும் "குட்டி", "பாப்பா". கேட்டால், "கடற்கரைக்குப் போய்ச் சொல்லுதேன்ப்பா."

நான் யார் தெரியுமா? எங்கள் வட்டாரத்தில் மேடையில் நான் பெயர் வைத்த குழந்தைகள் இன்றைக்கு வக்கீலாக இருக்கின்றன, தாசில்தாராக இருக்கின்றன. கூட்டம் நடக்கும்போது தாய்மார் வரிசையில் நிற்பார்கள். பெரிய தலைவர்கள் வராத நாளில் என்னிடம் நீட்டுவார்கள். நான் குழந்தையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டி, ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்வேன். கைதட்டல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். இந்தக் குழந்தைக்காக நான் ஒரு பெயரோடுதான் விமானம் ஏறினேன். புதுமைக்கனல். எப்படி இருக்கிறது? மகளிடம் சொன்னேன். "நல்லாருக்குப்பா. தோசை ஆறுது" என்றாள்.

அப்புறம் இந்தப் பயணம். கேரவனில் கடற்கரைக்குப் போகிறோம் என்றார்கள். எங்கள் ஊரில் கேரவன் என்றால் நடிகைகள் உள்ளே உட்கார்ந்து முகத்துக்குப் பூசிக்கொள்ளும் வண்டி. நான் அதில் சாய்ந்து படுத்துக்கொண்டு, சன்னலில் நாட்டைப் பார்த்துக்கொண்டு, வெளியீடு படித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கக்கூடாதாம், சட்டம். ஆகவே முன்னால் இழுக்கிற காரின் பின்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, குழந்தை நாற்காலிக்குப் பக்கத்தில் நான். டார்வினிலிருந்து இங்கே வரைக்கும் என் பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு ஆள் தூங்கிக்கொண்டு வந்தது. கூப்பிட ஏதாவது வேண்டுமே. "தோழர்" என்று கூப்பிட்டேன். தோழர் என் விரலைப் பிடித்துக்கொள்ளும். ரோடு நேராகப் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். மூன்று பெட்டி கோத்த லாரி எதிரே வந்தால் கார் ஒரு உதறு உதறும். தோழர் விரலை விடாது.

அந்த வழியில் ஆளே இல்லை தம்பி. நான் மனிதக் கூட்டத்தில் வாழ்ந்தவன். ஒருநாள் தூரத்தில் சாலையோரம் கூட்டம் தெரிந்தது. சட்டை போட்டிருக்கிறார்கள், தொப்பி வைத்திருக்கிறார்கள், அசையாமல் நிற்கிறார்கள். "மாப்பிள்ளை, ஏதோ மறியல் நடக்குது, நிறுத்துங்க" என்றேன். பக்கத்தில் போனால் கறையான் புற்று. ஆள் உயரப் புற்று. போகிறவர்கள் விளையாட்டுக்குப் பழைய சட்டையை மாட்டிவிட்டுப் போகிறார்களாம். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி டயர் பார்த்தார். நான் இறங்கி அந்தப் புற்றுகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நின்றால் பேச்சு வந்துவிட்டது. பழக்கம். அவையோரே என்று ஆரம்பித்து, கொடிமேடைக் கல் வரைக்கும் சொன்னேன். நீலச் சட்டை போட்ட ஒரு புற்று நன்றாகக் கேட்டது. நம் ஊர்க் கூட்டத்தில் அந்த அமைதி கிடைக்காது.

எதிரே வருகிற ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள், வணக்கமாம். நான் பின்சீட்டிலிருந்து முஷ்டியை உயர்த்திப் பதில் வணக்கம் செய்தேன்.

"மாமா, ஒரு விரல் காணும்" என்றார் மாப்பிள்ளை. காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும். "நீங்கள் முஷ்டியைத் தூக்கினா அவங்கள் அடிக்க வாறியள் எண்டு நினைப்பாங்கள்."

நல்ல பிள்ளை. கோபமே வராது. எனக்கு அதுதான் கோபம்.

பார்க்லி சமவெளி என்று ஒரு இடம். புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பெட்ரோல் பங்க் பக்கம் தங்கியபோது நான் உண்ணாவிரதம் அறிவித்தேன். ஒரே கோரிக்கை, குழந்தையின் பெயரை எனக்குச் சொல்ல வேண்டும். கேரவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"இடியப்பம் ஆறுது மாமா. சாப்பிட்டுட்டுப் போராடுங்கோவன்" என்றார் மாப்பிள்ளை.

மகள் எட்டிப் பார்த்தாள். "யப்பா, எனக்கு மூணு வருசம் பேரே இல்லாம இருந்துச்சுல்லா? உங்களுக்கு மூணு வாரம் பொறுக்காதாக்கும்?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்கள். அவள் பிறந்தபோது இயக்கத் தலைவர் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன். தலைவர் வருவதாகத் தேதி கொடுத்தார். வெள்ளம் வந்தது. மறு தேதி, தேர்தல் வந்தது. அடுத்த தேதி, அவருக்கு உடம்பு சரியில்லை. இடையில் நாம் ஒரு பெயர் வைத்துவிட்டால் தலைவருக்கு என்ன மரியாதை? மூன்றாம் வருஷம் வந்தார். மேடை ஏறி நின்ற பிள்ளையைப் பார்த்து, "என்னய்யா, நடந்தே வந்து பேர் வாங்குது?" என்று சிரித்தார். வாகைச்செல்வி என்றார். ஊரே தட்டியது. அந்தக் கைதட்டல் வேறு எந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும்? அதை ஒரு குறையாகச் சொல்கிறாள்.

உண்ணாவிரதம் மறுநாள் மத்தியானம் வரை நீடித்தது. அதில் ஒரு சிக்கல். உண்ணாவிரதம் என்றால் முடித்துவைக்க ஒரு ஆள் வர வேண்டும், பழச்சாறு கொடுக்க வேண்டும். அதுதான் முறை. ஒருவரும் வரவில்லை. மகள் குழந்தைத் துணி துவைத்துக் கொடியில் போட்டாள். மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே குளிர்பெட்டியைத் திறந்து, ஆரஞ்சுச் சாறு ஊற்றி, நானே எனக்குக் கொடுத்து, முடித்துக்கொண்டேன். எந்தப் பத்திரிகையிலும் வராது இது.

பிறகு மலை வந்தது, பச்சை வந்தது, கரும்பு வந்தது. கரும்பு ஏற்றிய குட்டி ரயில் ரோட்டைக் கடந்தது. நேற்று இங்கே வந்து சேர்ந்தோம். கடலைப் பார்த்ததும் மகள் காரிலேயே அழுதாள். நான் கேட்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குக் காலையில் நடந்தது.

இந்த முகாமின் ஆபீசில் ஒரு வெள்ளைக்காரம்மா இருக்கிறாளே, டோரீன், என் வயது இருக்கும், வைக்கோல் தொப்பி. பல் தேய்க்கப் போனவனை வழிமறித்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெளியீட்டு ஆங்கிலம் தெரியும். நீ இன்னாருடைய புருஷன்தானே என்று கேட்டாள். இன்னார் என்று நான் சொல்கிறேன். அவள் ஒரு பெயர் சொன்னாள்.

என் வீட்டம்மாவின் பெயர் அறிவுக்கொடி. ஊருக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு முதல் பிள்ளை தவறிப்போனபோது, அவள் தனியாக விமானம் ஏறி டார்வினுக்கு வந்தாள். எனக்கு அப்போது மாவட்ட மாநாடு. மகளைத் தேற்ற இவர்கள் இதே வண்டியில் இதே கடற்கரைக்கு வந்து ஒரு மாதம் இருந்திருக்கிறார்கள். "கடல் பாத்தோம்" என்று அவள் திரும்பி வந்து சொன்னாள். நான் மாநாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டோரீன் சொன்ன பெயர் அவளுடைய பழைய பெயர். கல்யாணத்துக்கு முன்னால் இருந்தது. காட்டுச் சாமி பெயர். பிள்ளை வேண்டி, கிடா வெட்டி வைத்த பெயர். எங்கள் சீர்திருத்தத் திருமண மேடையில் நான் அதை மாற்றினேன். மாலை மாற்றி முடித்ததும் ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, இன்று முதல் மணமகளின் பெயர் அறிவுக்கொடி என்று அறிவித்தேன். மணமகளைக் கேட்டீர்களா என்று எவனாவது குதர்க்கமாகக் கேட்பான். தலை குனிந்து நின்றாள். சம்மதம். அவளுடைய அம்மா வந்து பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்பேன். அவள் அடுப்படியிலிருந்து வரமாட்டாள். கொள்கையில் அவ்வளவு உறுதி. அவள் செத்த அன்று பிறந்த வீட்டுப் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒப்பாரி வைத்தார்கள். நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அந்தப் பெயரை ஒரு வெள்ளைக்காரி, ஒரு எழுத்துப் பிசகாமல், என் முகத்துக்கு நேரே சொல்கிறாள் தம்பி! சும்மா வராதே அது அந்த நாக்கில். தினம் காலையில் என் வீட்டம்மா அவளை இந்தப் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாளாம். டோரீன் தப்பாகச் சொன்னால் தொடையில் தட்டிச் சிரிப்பாளாம். அவள் தொடையில் தட்டிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேறு யாரோ ஒருத்தி என்று சொல்லிப் பார்த்தேன். டோரீன் போனில் படம் காட்டினாள். அவள்தான். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அலைக்குள் நிற்கிறாள்.

நேரே மகளிடம் போனேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே கேட்டேன், "அந்தப் பேரா?"

"எந்தப் பேரு? சொல்லுங்க. நீங்களே வாயால சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அப்புறம் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

"யப்பா, எனக்குப் பேரில்லாத மூணு வருசமும் அம்மா என்னைய என்னன்னு கூப்பிட்டா தெரியுமா? நீங்க வெளிய போனப்புறம், அவ பழைய பேரச் சொல்லி என்னையக் கூப்பிடுவா. 'எனக்குத்தான் ஆகாதுன்னுட்டாவ, சும்மாதான கெடக்கு, நீ வச்சுக்கோ'ன்னு சொல்லுவாளாம். இங்க வந்தப்ப சொன்னா. பெறவு உங்க தலைவரு வந்தாரு, அதுவும் போச்சு. அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"அது மூடப்பழக்கத்துப் பேரு."

"இருக்கட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அவ நின்ன எடத்துல. ஊருல எல்லாப் பிள்ளைக்கும் மேடையில பேரு படிச்சவரு நீங்கதான? அதுக்குத்தான் உங்கட்ட மொதல்லயே சொல்லல. சொல்லிருந்தா வண்டியிலயே ஏறிருக்க மாட்டீய. நீங்க படிச்சா நல்லாருக்கும். படிக்கலன்னா டோரீன் படிப்பா. யாரையும் கட்டாயப்படுத்தலப்பா."

பார்த்தீர்களா? எனக்குத் தெரியாமல் தீர்மானம், எனக்குத் தெரியாமல் நிறைவேற்றம், பதிவும் முடிந்தது. கடைசியில் மேடை ஏறி அறிவிக்க மட்டும் நான். ஒரு ஆளைக் கேட்காமல் அவன் குடும்பத்துப் பெயரில் கை வைப்பது என்ன நியாயம்? எந்த வெளியீட்டில் இருக்கிறது?

ஆகவே நான் உங்களிடம் வந்தது இதற்குத்தான். நான் வெளிநடப்புச் செய்யலாம் என்று இருக்கிறேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டத்தில் செய்திருக்கிறேன். ஆனால் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும் தம்பி. கூட ஒருவராவது எழுந்து வந்தால்தான் அது வெளிநடப்பு. தனியாக எழுந்து போனால், சிறுநீர் கழிக்கப் போகிறான் என்று நினைப்பார்கள். கடைசியாக நான் வெளிநடப்புச் செய்த கூட்டத்தில் அதுதான் நடந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவர்கூட இல்லை. வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய், "எல்லாரும் வந்துட்டாங்க" என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். "அப்படியா" என்று சோறு போட்டாள்.

வருவீர்களா?

யோசிக்கிறீர்கள். நீங்கள் எழுந்தால் உங்கள் வீட்டம்மாவும் எழுந்து வரவேண்டும், தூண்டிலைப் போட்டுவிட்டு. என்ன தம்பி அடுப்புப் பக்கம் பார்க்கிறீர்கள்? ஓ. வாசனை. அது மாப்பிள்ளை செய்கிற கேசரி. ஏலக்காய் ஊரிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன்.

மணி ஆகிவிட்டதா? அதோ கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை பால் பெட்டியைக் கவிழ்த்து மணலில் போடுகிறார் பாருங்கள். மேடையாம். நீலப் பிளாஸ்டிக் பால் பெட்டி. டோரீன் தொப்பியைக் கழற்றிவிட்டாள். அவள் உதட்டைப் பாருங்கள், அசைகிறது. ஒத்திகை பார்க்கிறாள்! பிசகாமல் சொல்லிவிடுவாள் தம்பி. அவள் சொல்லிவிடுவாள். நான் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், பந்தல்காரர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி.

எழுந்திருங்கள். உங்கள் வீட்டம்மாவையும் கூப்பிடுங்கள், கேசரி சாப்பிட்டுப் போகலாம். வெளிநடப்பு இருக்கட்டும், முதலில் கூட்டத்துக்கு உள்ளே போவோம். உள்ளே போகாமல் எப்படி வெளியே நடப்பது?

மணல் வழுக்குகிறது, தோளைக் கொடுங்கள்.

கொண்டா வாகை. கொடு. தலையைப் பிடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். வாங்க தோழர். கண்ணைத் திறந்துட்டீங்களா. விரலா? இந்தாங்க, பிடிச்சுக்கோங்க. மாப்பிள்ளை, பெட்டி ஆடுகிறது, ஒரு காலை வையுங்கள். அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், இங்கே ஒரு பேச்சாளர் போதும்.

அன்பார்ந்த தோழர்களே. தாய்மார்களே. கூட்டம் சிறியது. பரவாயில்லை, புற்றுக்கே பேசியிருக்கிறேன். முதலில் என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். இந்தப் பெயர் என்னைக் கேட்டு வைக்கப்படவில்லை. இந்தப் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. பதிவு செய்துகொண்டீர்களா தம்பி? நல்லது. ஆயினும் பெரும்பான்மையின் முடிவு. அறிவிப்பது என் கடமை, ஏனென்றால் இங்கே அறிவிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

குழந்தையின் தந்தை, நிரூபன். தாய், வாகைச்செல்வி. தாயைப் பெற்றவள்...

அலைச் சத்தம் அதிகமாக இருக்கிறது. கடைசியில் நிற்கிறவருக்குக் கேட்கிறதா? கேட்கிறதா அம்மா?

தாயைப் பெற்றவள் பெயரும், குழந்தையின் பெயரும் ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தடவை படிக்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

இசக்கி.